நீலத் தோலில் ஏறிய எண்கள்

ஹாரன் மட்டும் உயிரோடு இருந்தது.

பைபாஸுக்கு அடியில் போகிற சப்வேயில் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர். நட்டநடுவில் அக்காவின் மூன்று சக்கர பேட்டரி வண்டி. அதன்மேல், ஷூ கம்பெனியின் பாலிதீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அக்கா. கைப்பிடியை முறுக்கினால் வண்டி ஒருமுறை முனகும், அரை அடி நகரும், நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நான், புத்தகப் பை முதுகில் ஊற, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. பொறுத்துப் பார்த்த அக்கா, பதிலுக்குத் தன் வண்டியின் ஹாரனை அமுக்கினாள்.

சப்வே முழுக்க அது அதிர்ந்தது. லாரிக்காரரே மிரண்டுபோய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. செத்துப்போன பேட்டரி இப்படிக் கத்துமா? இதற்குள் ஏதோ மிச்சம் இருக்கிறது. எவ்வளவு என்று இதுவரை ஒருவரும் இதைக் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன?

"தள்ளுடி. நின்னுக்கினு இன்னா யோசனை?"

"அக்கா, இன்னொரு வாட்டி ஹாரன் அடி."

"இன்னாத்துக்கு? அந்தாளு எறங்கி வந்து நம்மள அடிக்கறதுக்கா?"

இருபத்துமூன்று வயதில் நினைவுக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டாள் பார் என்று சிரிக்காதீர்கள். போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் நீங்கள்தான் கேட்டீர்கள், "உனக்கு இந்தப் பேட்டரிப் பைத்தியம் எப்போ புடிச்சது?" என்று. பதிலைக் குரல் பதிவாக அனுப்பப் பார்த்தேன். ஹாரனைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. அதனால் எழுதுகிறேன். நாம் ஏழாம் வகுப்பில் இருந்த அந்த மழைக்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மைதானம் குளமாகி, விளையாட்டுப் பாட வேளையிலும் கணக்கு நடத்தினார்களே, அந்த வருடம்.

அக்காவுக்குக் கால்கள் சிறுவயதிலிருந்தே சூம்பியவை. இருபது வயதில் ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். செக்கிங் மேசை. முடிந்துவரும் ஷூக்களை ஜோடி ஜோடியாக எடுத்து, பசை வழிந்திருக்கிறதா, நூல் பிசிறு நிற்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று பார்க்கிற வேலை. "அந்த டேபிள்ள உக்காந்துட்டா நானும் மத்தவங்களும் ஒரே உசரம்டி" என்பாள். சம்பளத்தைப் பற்றிக்கூட இவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

வண்டி காலையில் ஜோராகப் போகும். இரவு முழுக்கக் கூடத்தில் நின்று சார்ஜ் ஏறியிருக்கும் அல்லவா? பகல் முழுக்க கம்பெனி ஷெட்டில் சும்மா நிற்கும். சாயங்காலம் திரும்பும்போது பாதி வழியில் படுத்துவிடும். மழை பெய்த நாளில் கம்பெனி வாசலைத் தாண்டுவதே பெரிது. அப்படிப் படுக்கும்போதெல்லாம் டேனரியில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு போன் போகும். அவர் பாதி வேலையில் சூப்பர்வைசரிடம் கெஞ்சிவிட்டு மொபெட்டில் வருவார். அந்த மாதம் கெஞ்சல் எல்லை மீறிவிட்டது.

சப்வேயில் நின்ற அன்று, வீடு வந்து சேர்ந்ததும் அப்பா சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இந்த மாசத்தோட நின்னுடு. அம்மா கூட உக்காந்து தை. வேல வேலதானே?"

அம்மாவின் வேலை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதுதான் நடந்தது. கம்பெனியிலிருந்து சாக்கு மூட்டையில் ஷூவின் மேல்பாகங்கள் வரும். கூடத்தில் உட்கார்ந்து ஊசியால் குத்தி, மெழுகு நூலை இழுத்துக் கையாலேயே தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவின் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த பள்ளம் ஒன்று நிரந்தரமாக இருந்தது. அக்கா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"பேட்டரிதானே போச்சு? எனக்கு இன்னா போச்சு?" என்றாள்.

அப்பா பிழிந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

பேட்டரி போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி. டேனரியில் ஃபிட்டர். எங்கள் தெருவில் மோட்டார், மிக்ஸி, மோதிரம் சிக்கிய விரல் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேட்டரியைச் சோதிக்கும் விதமே தனி. இருக்கைக்கு அடியில் தகரப் பெட்டி. அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேட்டரிகள், ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு ஒயரால் கோத்தபடி. மாமா ஒரு ஸ்பேனரை எடுத்து, ஒரு முனையை ப்ளஸ் போல்ட்டில் வைத்து, மறு முனையால் மைனஸைச் சடக்கென்று தட்டினார். பட்டாசுபோல் ஒரு வெடிப்பு. நீல வெளிச்சம். ஸ்பேனரின் வாயில் எறும்பு கடித்ததுபோல் ஒரு பள்ளம்.

"பாத்தியா? ஸ்பார்க் கம்மி. நல்ல பேட்டரின்னா ஸ்பேனரே ஒட்டிக்கும்" என்றார் பெருமையாக. போனில் விசாரித்தபோது பேட்டரி கடை பாயும் அதையேதான் சொன்னார்: "மழைல வீக் ஆய்டும்மா. ரெண்டையும் மாத்திடுங்க." மாற்றுகிற நிலையில் அப்போது வீடு இல்லை.

நான் கேட்டேன்: "மாமா, எவ்ளோ இருக்குன்னு நம்பரா பாக்க முடியாதா?"

"அதான் ஸ்பார்க்கே சொல்லுதே பாப்பா, அப்புறம் நம்பர் இன்னாத்துக்கு?"

ஆனால் அவரிடமே ஒரு மீட்டர் இருந்தது. நடைபாதைக் கடையில் வாங்கிய மஞ்சள் மீட்டர். நடுவில் கறுப்புத் திருகு, கீழே மூன்று ஓட்டைகள், சிவப்பும் கறுப்புமாய் இரண்டு ஒயர்கள். அவற்றின் நுனியில் ஊசி. "பள்ளிக்கூடத்து ப்ராஜெக்ட்" என்று சொல்லி வாங்கிவந்தேன். கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார்: "ஒயர் மாட்டியே இருக்குது. கழட்டாத, லூஸ் ஆய்டும்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை எங்கே, எப்போது திறப்பது? அப்பா இருக்கும்போது முடியாது. "ஸ்பேனர் வெடிச்சத பாத்தும் புத்தி வரலியா?" என்பார், அதில் நியாயமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் வழி. அப்பாவும் அம்மாவும் காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவார்கள். வண்டி நம்பும்படியாக இல்லை என்று அக்கா வீட்டில் இருப்பாள். அவளுக்குத் துணை என்று நானும். பிரசங்கம் நீளமான போதகர். போதுமான நேரம்.

அதுவரை படித்தேன். அம்மாவின் போனில், பள்ளிக்கூடத்துப் பழைய இயற்பியல் புத்தகத்தில், கிடைத்ததையெல்லாம். பயம் வளர வளர ஆசையும் வளர்ந்தது. பேட்டரியிடமிருந்து ஷாக் அடிக்கும் என்றுதான் நான் பயந்திருந்தேன். இந்த வகைப் பேட்டரியில் பெரிய ஆபத்து ஷாக் இல்லை என்று தெரிந்தது. வழி கிடைத்தால் இருப்பதையெல்லாம் ஒரே நொடியில் கொட்டிவிடும், அதுதான் ஆபத்து. வளையல் ஒன்று ப்ளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் சிக்கினால், வளையல் கையிலேயே பழுக்கும். மாமாவின் ஸ்பேனர் ஏன் வெடித்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஞாயிறு காலை. இரவெல்லாம் பெய்து, அப்போதுதான் தூறலாக அடங்கியிருந்தது. கோயில் மணி அடித்தது. அப்பாவின் மொபெட் தெரு முனையைத் தாண்டிய சத்தம் கேட்டதும் நான் அக்காவைப் பார்த்தேன்.

"செயின கழட்டு. வளையலும்."

"என்னை பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ அதிகாரம் பண்ணல" என்றபடி கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்தாள். நான் மாமாவின் பழைய கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டேன். தீப்பொறி கண்ணில் தெறிக்கக் கூடாதல்லவா? மூக்கில் நிற்காமல் வழுக்கியது. அக்கா சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்தது. சார்ஜரைப் பிடுங்கினோம். தகரப் பெட்டியின் மூடியை எடுத்து, சார்ஜ் ஏறும்போது உள்ளே சேரும் வாயு கலைய நேரம் விட்டோம். வண்டிக்குப் போகிற மெயின் பிளக்கைக் கழற்றினோம். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். ரப்பர் செருப்பு. மீட்டரின் ஊசிகள் நீளமாக இருந்தன. நழுவினால் இரண்டு இடத்தில் ஒரே சமயம் படும். அதனால் சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக்கி அவற்றின்மேல் உறைபோல் ஏற்றினேன். அரிசி முனை அளவுதான் வெளியே தெரிந்தது.

எல்லாம் தயார். பெட்டியின் அருகே மண்டியிட்டேன். சிவப்பு ஊசியை எடுத்தேன்.

"மொதல்ல இதுல பாரு" என்று அக்கா எதையோ நீட்டினாள். டார்ச் லைட்டின் செல். "சேம்பிள் ஷூ பாக்காம நாங்க மொத்த லாட்ட தொடமாட்டோம்."

அலுத்துக்கொண்டேதான் வாங்கினேன். திருகை வோல்ட் பக்கம் திருப்பி, செல்லின் இரு முனைகளிலும் ஊசிகளை வைத்தேன். திரையில் சுத்தமான பூஜ்யம். அழுத்திப் பிடித்தேன். பூஜ்யம்தான்.

"செல்லு காலி" என்றேன்.

"நேத்துதான்டி மாத்தினேன்."

என் விரல்களுக்கு நடுவில் செல் சுட ஆரம்பித்தது. நன்றாகவே சுட்டது. கீழே போட்டேன். அது உருண்டு சுவரில் முட்டி நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் மீட்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்பு ஒயர் பொது ஓட்டையில் இருந்தது, சரி. சிவப்பு ஒயர், வோல்ட்டுக்கான ஓட்டையில் இல்லை. ஆம்பியர் பார்ப்பதற்கான ஓட்டையில் இருந்தது. மாமா என்றைக்கோ ஒரு விளக்குக்கு ஆம்பியர் பார்த்துவிட்டு, லூஸ் ஆகிவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறார். அந்த ஓட்டைக்குள் மீட்டர் என்று ஒன்றும் இல்லை, தடித்த கம்பிதான். அதைப் பேட்டரியின் இரு போல்ட்டிலும் வைப்பதும் ஸ்பேனரை வைப்பதும் ஒன்று. ஸ்பேனர் இரும்பு, தாங்கியது. இது பிளாஸ்டிக், என் இரண்டு கைகளுக்குள் இருந்திருக்கும்.

டார்ச் செல்லிடம் கொட்டுவதற்கு அதிகம் இல்லை. சூடு மட்டும் காட்டிவிட்டு விட்டுவிட்டது.

"வேணாம்டி. மூடிடு" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. "நான் தச்சிக்கறேன். பரவால்ல."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் மூடவில்லை என்று நினைக்கிறேன். சிவப்பு ஒயரைப் பிடுங்கி வோல்ட் ஓட்டையில் செருகினேன். மறுபடி செல். இப்போது ஒன்றரைக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்தது. சூடு இல்லை. திருகை இருநூறு வோல்ட் வரை தாங்கும் இடத்துக்கு ஏற்றினேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கறுப்பு ஊசியை அக்கா பிளாஸ்டிக் துணிக்கிளிப்பால் மைனஸ் போல்ட்டில் கவ்வ வைத்தாள். நான் ஒற்றைக் கையால் சிவப்பைக் கொண்டுபோனேன். மூச்சு விட்டால் திசை மாறிவிடும்போல் இருந்தது.

தொட்டேன். வெடிப்பு இல்லை. வெளிச்சம் இல்லை.

25.6.

"எவ்ளோ இருக்கணும்?"

"ரெண்டும் சேந்து நெறைஞ்சிருந்தா இதுதான்க்கா. இதேதான்!" நான் கத்தினேன். "சாவலக்கா இது!"

தனித்தனியாகவும் பார்த்தேன். இரண்டும் சமமாகவே இருந்தன. அப்படியானால் சாயங்காலத்துக்குள் எல்லாம் எங்கே போகிறது? சந்தோஷம் அடங்கிவிட்டது. எண் கிடைத்தால் விடை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கேள்வி பெரிதாகத்தான் ஆயிற்று. இன்னொரு முறை பார்க்கலாம் என்று சிவப்பு ஊசியைக் கொண்டுபோனபோது, வழுக்கிய கூலிங் கிளாஸைத் தோளால் தள்ளினேன். ஊசி போல்ட்டிலிருந்து நழுவிப் பக்கத்திலிருந்த தோலில் குத்தி நின்றது.

திரை பூஜ்யத்துக்குப் போக வேண்டும். போகவில்லை. 19 என்றது.

அந்தத் தோலைப் பற்றிச் சொல்லவில்லை, இல்லையா? எங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை, அவ்வளவு சாதாரணம். தகர மூடி பேட்டரியின் போல்ட்டில் பட்டுவிடக் கூடாது, வண்டி குலுங்கும்போது தடதடக்கவும் கூடாது என்று, மழைக்காலத் தொடக்கத்தில் மாமா ஒரு தோல் துண்டை வெட்டி இரண்டு பேட்டரிகளின் தலையிலும் போர்த்தியிருந்தார். போல்ட்டுகளுக்கு அளவாக ஓட்டை போட்டு, சட்டைக்குப் பொத்தான் போட்டதுபோல் கச்சிதமாக. சாயம் ஏற்றுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் வெளிர் நீலத் தோல். "டேனரி சரக்கு. கரண்ட்டுக்கே இது வழி விடாது. நாங்க வெல்டிங்குக்கே தோல் கிளவுஸ்தானே போடறோம்?" என்றிருந்தார். எல்லோரும் தலையாட்டினோம். நம் ஊரில் யார்தான் தலையாட்டியிருக்க மாட்டார்கள்? கதவு தடதடத்தால் தோல், கட்டில் கால் ஆடினால் தோல், அம்மி நகர்ந்தால் அடியில் தோல்.

ஊசியைத் தோலின்மேல் மெதுவாக நகர்த்தினேன். மைனஸ் பக்கம் வர வர 14, 9, 4. திரும்ப ப்ளஸ் பக்கம் போனால் 9, 14, 19. மலை ஏறி இறங்குவதுபோல் எண்கள். தோல் முழுக்க மின்சாரம் நடந்துகொண்டிருந்தது. புறங்கையை அருகில் கொண்டுபோனேன். வெதுவெதுப்பு. ப்ளஸ் போல்ட்டைச் சுற்றிப் பச்சையாய்ப் பூத்திருந்தது. அக்கா குனிந்து முகர்ந்தாள்.

"தோலு நாத்தம் அடிக்குது."

"நம்ம ஊர்ல எதுதான்க்கா அடிக்கல?"

அதுதான் விஷயம். வெளியூர் ஆள் ஒருவர் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தால், "என்ன இது, இருக்கைக்கு அடியில் தோல் வேகிற நாற்றம்?" என்று அன்றைக்கே கேட்டிருப்பார். சென்னையிலிருந்து வரும் பெரியம்மா நம் ஸ்டேஷனில் இறங்கும்போதே மூக்கைப் பொத்துவாள். நமக்குத்தான் அந்த மூக்கு இல்லையே.

ஆராதனை முடிந்து அப்பா, அம்மா, கூடவே மதியச் சாப்பாட்டுக்கு மாமா. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து தயாராக இருந்த அக்கா மெயின் பிளக்கை ஏற்கெனவே மாட்டியிருந்தாள்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், கேட்டியா? தோலு கரண்ட்ட குடிக்குதாம்! அப்டின்னா நம்ம டேனரில நாம எல்லாரும் இந்நேரம் பல்பு மாதிரி எரியணும்." அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் தலையணைக்கு அடியில் கிடந்த வளையல்களை எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்பதுபோல் எங்களைப் பார்த்தாள்.

"குடு இப்டி" என்று மாமா மீட்டரைப் பிடுங்கினார். "வோல்ட்டெல்லாம் சும்மா பாப்பா. ஆம்பியர்தான் பவரு. நான் காட்றேன் பாரு, இதுல ஒண்ணும் கெடையாதுன்னு." பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, பழகிய கையால் சிவப்பு ஒயரைப் பிடுங்கிப் பழைய ஓட்டையில் செருகினார். இன்னொரு கையில் கறுப்பு ஊசி ஏற்கெனவே மைனஸ் போல்ட்டில். வெறுங்கை. விரலில் கல்யாண மோதிரம். முகம் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி.

எனக்குக் குரல் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

ஹாரன் அலறியது.

அக்கா அதை அமுக்கி, விடாமல் பிடித்திருந்தாள். அந்தச் சின்னக் கூடத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாமா துள்ளிப் பின்னால் விழுந்தார். மீட்டர் மணல் வாளிக்குள் போனது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?" அப்பா.

ஹாரனை விட்டுவிட்டு, அக்கா மிகவும் நிதானமாகச் சொன்னாள்: "மாமா, ஒயரு எந்த ஓட்டைல இருக்குதுன்னு பாரு. பாத்துட்டு அப்புறம் திட்டு."

மாமா பார்த்தார். நான் டார்ச் செல்லைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்து, காலையில் நடந்ததை அப்படியே செய்து காட்டினேன். சுடத் தொடங்கியதும் அவர் கை தானாக விரிந்தது. தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டார். அதைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். பிறகு ஒயரைச் சரியான ஓட்டையில் மாட்டி, அவரே ஊசியைத் தோலின்மேல் நகர்த்தினார். 4, 9, 14. சிரிப்பு நின்றிருந்தது.

விளக்கம் எனக்குத் தெரியாது. அது மாமாவிடமிருந்துதான் வந்தது.

"இது ஃபினிஷ் ஆன தோலு இல்ல" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "உப்பும் ஆசிடும் போட்டு ஊறவச்ச சரக்கு. காஞ்சா சும்மா கெடக்கும். ஈரம் பட்டா உப்பு கரையும், பகல் பூரா வண்டி நிக்கறப்போ கரண்ட்டு அது வழியா ஓடிக்கினே இருக்கும். கிளவுஸு வேற, இது வேற." தோலின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியும். தெரிஞ்சே போட்ருக்கறேன்" என்றார்.

சாப்பிடக்கூட உட்காராமல் தோலை உருவினார். போல்ட்டுகளைச் சுரண்டித் துடைத்தார். மொபெட்டின் பழைய டியூபை வெட்டி, அதே அளவில் ஓட்டை போட்டுப் போர்த்தினார். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மழைதான்" என்றார் கடைசியில். "நான் வரமாட்டேன். தானா வீடு வந்து சேரட்டும். வந்தா, மேல பேசலாம். வரலன்னா அம்மா பக்கத்துல பாய் போட்டுக்க."

திங்கட்கிழமை மழை சொன்னபடி வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் சப்வேயின் எங்கள் பக்கத்து வாயில் நின்றேன். கம்பெனிப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் குடை பிடித்துப் போனார்கள். கூட்டம் குறைந்தது. விளக்குகள் போட்டார்கள். ஒரே எண்ணையே நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், ஜெபம்போல. 25.6. சப்வேக்குள் தண்ணீர், வண்டி நின்ற அன்றைவிட ஜாஸ்தி. அதில் ஏறி வருவதற்குத்தான் பேட்டரி அதிகம் கொடுக்க வேண்டும். அங்கேதான் அது எப்போதும் படுத்துக்கொள்ளும்.

முதலில் ஹாரன் கேட்டது. அதை நான் நம்பவில்லை. ஹாரன் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். பிறகு தண்ணீரைக் கிழிக்கும் சத்தம். பிறகு மஞ்சள் பாலிதீன் பை. அக்கா நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, "ஓடி வாடி, நிறுத்தினா மேடு ஏறாது!" என்று கத்தினாள். நான் ஓடினேன்.

மேட்டில் ஏறியதும் வேகத்தைக் குறைத்து, என் காதருகே சொன்னாள்: "திரும்பாத. கம்பெனி கேட்லேர்ந்து ஒரு ஆளு என் பின்னாடியே வர்றான்."

திரும்பினேன். அப்பா. மொபெட்டை ஸ்டார்ட் செய்யாமல், காலால் உந்தியபடி, சத்தமே இல்லாமல், முழுக்க நனைந்து வந்துகொண்டிருந்தார். பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் ஏதோ கடைப் பலகையைப் படிப்பதுபோல் நின்றுவிட்டார்.

அவர் பேட்டரியைப் பற்றிப் பேசவே இல்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இருட்டில், தண்ணீரில், லாரிக்கு முன்னால் தன் மகள் நிற்கிற அந்த இடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து, அவளை வீட்டுக்குள் வைப்பது. அடுத்த மாதமும் அக்கா செக்கிங் மேசையில்தான் இருந்தாள். யாரும் எதையும் அறிவிக்கவில்லை. தையல் மூட்டை அம்மாவுக்கு மட்டும் வந்தது.

பேட்டரி கடை பாய் சொன்னதும் முழுப் பொய்யில்லை. அந்தப் பேட்டரிகள் அடுத்த கோடையைத் தாண்டவில்லை. நீலத் தோல் துண்டு எங்கே போயிற்றோ, தெரியவில்லை. ஆதாரமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தேன். வீடு மாறியபோது அம்மா கட்டில் காலுக்கு அடியில் கொடுத்திருப்பாள். மஞ்சள் மீட்டரின் ஆம்பியர் ஓட்டையை மாமா எம்-சீல் பசை வைத்து அடைத்துவிட்டார். அவரால் மன்னிப்பு கேட்க முடிந்த விதம் அது.

இப்போது அக்காவிடம் புது வண்டி. லித்தியம் பேட்டரி, சீல் வைத்த பெட்டி, அதன்மேல் சதவிகிதம் காட்டும் சின்னத் திரை. அந்தத் திரையை அவள் நம்புவதில்லை, நானும்தான். எழுபது என்று காட்டும், ஒரு பாலம் ஏறி இறங்கினால் நாற்பது என்னும். போன ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்: "இங்கேர்ந்து வேலூர் வரைக்கும் போவுமா?"

"எதுக்கு?"

"கோட்டை முன்னாடி வண்டிய நிறுத்தி ஒரு டீ குடிக்கணும். என்னைத் தூக்கி பஸ்ல ஏத்த ஆளே இல்லாம."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு மறுபடி பிசைந்தார்.

வருகிற சனிக்கிழமை போகிறோம், சர்வீஸ் ரோட்டிலேயே. மாதனூரில் ஒரு நிறுத்தம், பள்ளிகொண்டாவில் ஒரு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் அளக்க வேண்டும். பெட்டியைத் திறக்க மாட்டோம். வெளியே வரும் பிளக்கில் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைப்பேன். எந்த எண்ணுக்குக் கீழே போனால் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே பேசிவைத்தாயிற்று. அக்கா ஒப்புக்கொண்டதுபோல் தலையாட்டினாள், நம்ப முடியாது. அப்பா மொபெட்டுக்கு நேற்றே பெட்ரோல் போட்டுவந்துவிட்டார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

புது மீட்டரும் ஒயர்களும் பையில் இருக்கின்றன. பக்கவாட்டு அறையில், தாளில் சுற்றி, ஒரு டார்ச் செல். மாதனூரில் முதலில் அதைத்தான் தொடுவேன்.